பூச்சி தாங்குமா இந்த ரகம்?

புரட்டாசியில் புழுதி விதைப்புக்கு நிலம் தயாரானதும் காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர் விதைக்கடைகளில் முதலில் விசாரிப்பது மகசூலை, அடுத்த கேள்வி, "பூச்சி தாங்குமாண்ணே?" "நல்லாத் தாங்கும், தைரியமா எடுத்துட்டுப் போங்க" என்று பதில் வரும். பயிர்ப் பாதுகாப்பையே தொழிலாகக் கொண்ட எனக்கு அந்தப் பதிலைப் பொய் என்று தள்ள மனம் வருவதில்லை. பாதி உண்மை. ஒரு ரகம் பூச்சியைத் தாங்குவது பெரும்பாலும் அதன் உடம்பில் ஊறும் வேதிப்பொருள்களால்தான். அவற்றை உண்டாக்கும் திறன் விதையோடு வருகிறது. ஆனால் அந்தத் திறன் எவ்வளவு வெளிப்படும் என்பதை மண்ணும் ஈரமும் யூரியாவும் முடிவு செய்கின்றன. வெளிப்பட்டது போதுமா என்பதை அந்த ஊர்ப் பூச்சி முடிவு செய்கிறது. நாம் காசு கொடுத்து வாங்குவது இந்த மூன்றில் முதலாவதை மட்டும். அரை நூற்றாண்டாக எங்கள் துறை சந்தித்த பெரிய ஏமாற்றங்கள் பலவும் மற்ற இரண்டையும் கணக்கில் எடுக்காததால் வந்தவை என்றே நினைக்கிறேன்.

தாவரம் தன்னைக் காத்துக்கொள்ள வேதிப்பொருள் செய்கிறது என்ற எண்ணமே விஞ்ஞானத்தில் அவ்வளவு பழையதல்ல. கசப்பு, காரம், துவர்ப்பு, நாற்றம் எல்லாம் செடியின் கழிவு என்றுதான் பலர் வெகுகாலம் கருதிவந்தார்கள். காட்ஃபிரீடு ஃபிராங்கல் 1959இல் 'சயின்ஸ்' இதழில் எழுதிய கட்டுரைதான், இவை பூச்சிகளை விலக்கவே செடி செய்துகொண்ட ஏற்பாடு என்பதை உறுதியாக முன்வைத்தது. செட்டிநாட்டுத் தரிசுகளில் இதற்குச் சாட்சி தேட வேண்டியதில்லை. எதையும் மேயும் வெள்ளாடு எருக்கை மட்டும் முகர்ந்துவிட்டு நகர்ந்துவிடும். எருக்கின் பாலில் இதயத்தைத் தாக்கும் நஞ்சு இருக்கிறது. அதே எருக்கின் மேல் மஞ்சளும் நீலமுமாக வரிபோட்ட தடித்த வெட்டுக்கிளி உட்கார்ந்து இலையை நிதானமாகத் தின்றுகொண்டிருக்கும். தொந்தரவு செய்தால் அந்த வெட்டுக்கிளி எருக்கின் நஞ்சு கலந்த திரவத்தைப் பீய்ச்சும். வெந்தய வரியன் வண்ணத்துப்பூச்சியின் புழுவும் அதே இலையில்தான் வளர்கிறது. நூறு பூச்சியை விரட்டிய நஞ்சு ஒன்றிரண்டுக்கு வீட்டு முகவரியாகிவிட்டது. எதிர்ப்பு ரகம் என்று பேசும் எவரும் இந்த எருக்குச் செடியை நினைவில் வைத்துக்கொண்டு பேசுவது நல்லது.

நெல்லுக்கு வருவோம். திரூர்க்குப்பம் ஆராய்ச்சி நிலையம் தந்த டி.கே.எம். 6, கிச்சிலிச் சம்பா என்று நம் ஊர்களில் அறியப்பட்ட ஜி.இ.பி. 24இன் வாரிசு. தண்டுத் துளைப்பான் அதை அவ்வளவாக விரும்புவதில்லை என்பது தெரிந்ததும், பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் அதைக் கலப்பில் பயன்படுத்தியது. அப்படிப் பிறந்ததுதான் தமிழ்நாட்டில் ஒரு தலைமுறைக்காலம் சோறு போட்ட ஐ.ஆர். 20. டி.கே.எம். 6இல் என்னதான் இருக்கிறது என்று தேடியவர்கள் 1980களில் பென்டாடெக்கனால் என்ற பொருளை அடையாளம் கண்டார்கள். அது இருந்தால் தாய் அந்து முட்டை இடுவது குறைகிறது. இட்ட முட்டை பொரிவதிலும் புழு வளர்வதிலும் கோளாறு வருகிறது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்தச் சோதனைகள் வரித் தண்டுத் துளைப்பானை வைத்து நடந்தவை. நம் வயலில் வெண்குருத்தும் வெண்கதிரும் உண்டாக்குவது பெரும்பாலும் மஞ்சள் தண்டுத் துளைப்பான். ஐ.ஆர். 20 அதை ஓரளவுக்குத் தாங்கியது. அந்த ஓரளவுக்கு மேல் மஞ்சள் துளைப்பானை முழுசாக நிறுத்தும் நெல் ரகம் வழக்கமான கலப்பு முறையில் கிடைக்கவே இல்லை. ஒரு செடியில் ஒரு பொருளைக் கண்டுபிடித்துவிட்டால் கதை முடிந்தது என்று எண்ணுவது எங்கள் துறையின் பழைய வியாதி.

நெல்லின் சாற்றை உறிஞ்சும் புகையான் பூச்சியின் கதையில் இந்த வியாதி இன்னும் தெளிவாகத் தெரியும். இந்தியாவிலிருந்து போன முட்கோ என்ற நெல்லில் புகையான் ஏறியும் பெருகுவதில்லை என்று கண்டார்கள். சொகாவாவும் எம்.டி. பதக்கும் 1970இல் அதற்குக் காரணம் சொன்னார்கள்: பூச்சி முட்கோவின் தண்டில் ஊசிவாயைக் குத்துகிறது, ஆனால் தொடர்ந்து உறிஞ்சுவதில்லை. சாற்றில் அஸ்பராஜின் என்ற அமினோ அமிலம் குறைவு. புகையானை 'குடி, குடி' என்று தூண்டுவது அதுதான். குடிக்காத பெண்பூச்சியின் சூலகம் முதிர்வதில்லை. இதை அளக்கும் முறை எளிமையானது, அழகானதும்கூட. புரோமோகிரிசால் பச்சையில் தோய்த்த வடிதாளைச் செடியின் அடியில் விரித்துப் பூச்சியை விடுவார்கள். புகையான் கழிக்கும் தேன் போன்ற துளி பட்ட இடமெல்லாம் நீலமாக மாறும். தாங்காத டி.என். 1 நெல்லின் அடியில் தாள் முழுக்க நீலத் திட்டு. தாங்கும் நெல்லின் அடியில் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பொட்டு. பூச்சி எவ்வளவு குடித்தது என்பதை அந்த நீலத்தின் பரப்பே சொல்லிவிடும். பிறகு வந்தவர்கள் ஆக்ஸாலிக் அமிலம் உறிஞ்சுவதைத் தடுக்கிறது என்றார்கள், பீட்டா சிட்டோஸ்டெரால் தடுக்கிறது என்றார்கள், ஃபிளேவனாய்டுகள் என்றார்கள். ஒவ்வொன்றுக்கும் சான்று இருக்கிறது. எந்த ஒன்றும் தனியாக முழுக் கதை இல்லை.

புது ரகம் உருவாக்குபவர்களுக்கு இவ்வளவு நுணுக்கம் தேவைப்படவில்லை. முட்கோவின் எதிர்ப்பு ஒற்றை மரபணுவில் இருக்கிறது என்பதே போதுமானதாக இருந்தது. அதைக் கொண்ட ஐ.ஆர். 26 வெளியான ஆண்டு 1973. பிலிப்பைன்ஸிலும் இந்தோனேசியாவிலும் இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் புகையான் அதையும் குடிக்கப் பழகிவிட்டது. அடுத்து இரண்டாம் மரபணுவோடு 1976இல் ஐ.ஆர். 36. அந்த மரபணு முதலில் அடையாளம் காணப்பட்டது நம் அம்பாசமுத்திரம் நிலையத்து ஏ.எஸ்.டி. 7இல். ஐ.ஆர். 36 உலகிலேயே அதிகப் பரப்பில் பயிரான நெல்லாக வளர்ந்தது. அதுவும் சில இடங்களில் 1980களில் ஆட்டம் கண்டது. இந்தியாவின் நிலைமை இன்னும் வேடிக்கை. இங்குள்ள புகையான் கூட்டம் வேறு வகை. முதல் இரண்டு மரபணுவையும் அது ஆரம்பத்திலிருந்தே பொருட்படுத்தவில்லை. அதாவது பிலிப்பைன்ஸில் 'எதிர்ப்பு ரகம்' என்று சான்று பெற்றது தென்னிந்தியாவுக்கு வந்து இறங்கும்போதே சாதாரண ரகம். நம் புகையானை நிறுத்தியவை கேரளத்துப் பட்டாம்பியின் பி.டி.பி. 33, இலங்கையின் ரத்து ஹீனட்டி போன்ற அண்டை வீட்டு நெல்கள்தாம்.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. 'மரபணு தோற்றது என்றால் இன்னும் வலுவான மரபணுவைத் தேடு. வயலையும் உரத்தையும் ஏன் இழுக்கிறாய்?' என்பார்கள். தேடல் நடந்தது, பலனும் தந்தது. 2009இல் சீனாவின் வூகான் ஆய்வாளர்கள் ஒரு காட்டு நெல்லின் வழி வந்த எதிர்ப்பு மரபணுவைப் பிரித்தெடுத்தார்கள். புகையான் குத்தியதும் அந்த நெல் தன் சாற்றுக் குழாய்களைக் கேலோஸ் என்ற பசைப்பொருளால் அடைத்துக்கொள்கிறது. தாங்காத ரகமும் அடைக்கத்தான் பார்க்கிறது. ஆனால் அடைப்பு சீக்கிரம் கரைந்து குழாய் திறந்துகொள்கிறது. ரத்து ஹீனட்டியின் மரபணுவும் 2015இல் பிரித்தெடுக்கப்பட்டது. எல்லாம் சரி. ஆனால் இந்த வரலாற்றில் என்னை அதிகம் யோசிக்க வைப்பது 1985இல் வெளியான ஐ.ஆர். 64. அதில் இருந்த பெரிய மரபணு, தோற்றுப்போன ஐ.ஆர். 26இல் இருந்த அதே முட்கோ மரபணுதான். ஆனாலும் ஐ.ஆர். 64 வயலில் பல ஆண்டுகள் தாக்குப்பிடித்தது. காரணம், அந்த ஒற்றை மரபணுவோடு தனித்தனியாகப் பெயர் சொல்லும்படி இல்லாத சின்னச் சின்ன குணங்கள் பல சேர்ந்திருந்தன. ஒன்றை மட்டும் எதிர்கொள்ளும் பூச்சி சீக்கிரம் வழி கண்டுபிடிக்கிறது. ஒரே நேரத்தில் பத்துத் தடைகளைத் தாண்ட அதற்கு வெகுகாலம் ஆகிறது. விதையை மட்டும் பார்த்தாலும் பாடம் இதுதான், வயலைப் பார்த்தால் இன்னும் அழுத்தமாக இதுதான்.

இனி யூரியா. அஸ்பராஜின் என்பது நைட்ரஜன் சேர்ந்த பொருள். தேவைக்கு மேல் நைட்ரஜன் பெற்ற நெல்லின் சாற்றில் கரைந்த அமினோ அமிலங்கள் கூடுகின்றன. இலையில் சிலிக்காவும் பீனால் வகைகளும் குறைகின்றன. அதாவது, எதை வைத்து முட்கோ பூச்சியைப் பட்டினி போட்டதோ அதையே நாம் மூட்டை மூட்டையாகக் கொட்டி நிரப்பிவிடுகிறோம். சிலிக்கா உயிர்வேதிப் பொருள் அல்ல, மண்ணிலிருந்து ஏறும் கனிமம். ஆனால் சிலிக்கா மிகுந்த தாளைக் குடைந்த துளைப்பான் புழுவின் தாடை தேய்ந்து மழுங்கிப்போவதை 1960களிலேயே படம் பிடித்துக் காட்டியிருக்கிறார்கள். மண்ணில் ஈரம் குறைந்தால் சிலிக்கா ஏறுவதும் குறையும். செட்டிநாட்டுச் சரளைச் செம்மண்ணில், மழையை நம்பிய புழுதி நெல்லுக்கு இந்த இரண்டும் சேர்ந்தே நேர்கிறது. வாரக்கணக்கில் காய்ச்சல், பிறகு ஒரு மழை. அந்த ஈரத்தை விட்டால் அடுத்தது எப்போது என்று தெரியாததால் இரண்டு தவணை யூரியாவையும் ஒரே நாளில் இறைக்கிறார்கள். அவர்கள் நிலையில் அது நியாயமான கணக்கு, அதைக் குற்றம் சொல்வதற்கில்லை. ஆனால் ஒரே வாரத்தில் பயிர் கறுத்து நிற்கும். அந்தக் கறுப்பு இலைச்சுருட்டுப் புழுவுக்கும் துளைப்பானுக்கும் அழைப்பு. விதை அதே விதைதான். பக்கத்து வயலில் இரண்டாகப் பிரித்து இட்டவருக்கு அதே ரகம் 'தாங்கியிருக்கும்'. இடையில் ஒன்று சொல்ல வேண்டும்: 2015 முதல் யூரியா முழுவதும் வேப்பெண்ணெய் பூசியே வருகிறது. பூச்சிக்கும் சேர்த்துப் பூசியது என்று நம்புபவர்கள் இருக்கிறார்கள். அது முக்கியமாக நைட்ரஜன் மண்ணில் சீக்கிரம் மாறி வீணாவதைத் தடுக்கத்தான். பூச்சியை விரட்ட அல்ல.

பூச்சிமருந்து இந்தக் கணக்கை மேலும் சிக்கலாக்கியது. சில மருந்துகள் அடித்த பிறகு புகையான் குறையாமல் பெருகியது, அதைத் தின்னும் சிலந்தியும் நாவாய்ப்பூச்சியும் முதலில் செத்ததால். இந்தோனேசியா 1986இல் நெல்லுக்கு 57 மருந்துகளை ஒரே ஆணையில் நிறுத்தியது இதைப் பார்த்துத்தான். தாவர வேதியியலுக்கும் இதற்கும் உள்ள தொடர்பு பின்னால்தான் துலங்கியது. பூச்சி கடித்ததும் செடி காற்றில் ஒரு வாசனையை விடுகிறது. அதை மோப்பம் பிடித்து ஒட்டுண்ணிக் குளவிகள் வருகின்றன. நெல்லில் லினலூல் என்ற வாசனைப் பொருள் உண்டாகாதபடி அதன் மரபணுவை முடக்கியபோது, வயலில் ஒட்டுண்ணி வரவு குறைந்து புகையான் கூடியதை 2012இல் சீன ஆய்வாளர்கள் காட்டினார்கள். அதே வாசனை இலையைக் கடிக்கும் பூச்சிகள் சிலவற்றை ஈர்க்கவும் செய்தது என்பது கூடுதல் செய்தி. ஆக, செடியின் எதிர்ப்பில் ஒரு பங்கு செடிக்கு வெளியே, குளவியின் சிறகில் இருக்கிறது. குளவியைக் கொன்ற வயலில் அந்தச் செடி கூப்பிட்டு என்ன பயன்?

'பாட்டன் காலத்து நெல்லில் பூச்சியே கிடையாது; அதையே போடலாமே' என்பது இன்று அடிக்கடி கேட்கும் வாதம். அதில் மரியாதைக்குரிய உண்மை உண்டு: மேலே பெயர் சொன்ன கொடையாளி நெல்கள் பலவும் நம் பக்கத்துப் பழைய நெல்லோ அதன் நேர் வாரிசோதான். ஆனால் உலகம் முழுவதிலிருந்தும் சேர்த்துச் சோதித்த பல்லாயிரம் பழைய ரகங்களில் புகையானைத் தாங்கியவை மிகச் சிலவே. மற்றவை தாங்கியதுபோல் தோன்றியதற்குக் காரணம் அவை வளர்ந்த விதம்: தொழுவுரம், தழையுரம், ஆண்டுக்கு ஒரு போகம், ஒரே ஊரில் பல ரகம். அதே பழைய நெல்லுக்கு மூட்டை யூரியா இட்டால் முதலில் சாயும், பிறகு பூச்சி ஏறும். பழைய ரகத்தின் புகழில் பாதி பழைய வேளாண்மைக்கு உரியது.

இதற்கு நேர் எதிர்த்திசையில் இன்னொரு ஆசை: நஞ்சைக் கூட்டினால் பூச்சியே வராதே! செடியின் நஞ்சு பூச்சிக்கு மட்டும் என்று எங்கும் எழுதி வைக்கவில்லை. மழை தவறி வாடிய இளஞ்சோளத்தை மாடு தின்றால் சாகும் என்பது இந்தப் பக்கத்தில் மாடு மேய்க்கும் பிள்ளைக்கும் தெரியும். அதைக் கொல்லும் சயனைடுதான் இளம் பயிரிலிருந்து வெட்டுக்கிளியையும் விலக்குகிறது. அமெரிக்காவில் 1967இல் வெளியிட்ட லெனாபே என்ற உருளைக்கிழங்கில் சொலனைன் வகை நஞ்சு மிதமிஞ்சி இருந்ததால் 1970இல் அதைத் திரும்பப் பெற வேண்டிவந்தது. பருத்தியில் பாடம் தலைகீழாக வந்தது. கொட்டையை உணவாக்கும் ஆசையில் காஸிபால் சுரப்பியே இல்லாத பருத்தியை உருவாக்கினார்கள். அதுவரை பருத்தியை எட்டிப் பார்க்காத வண்டுகளெல்லாம் அதைத் தின்ன வந்துவிட்டன. இயற்கைப் பொருள் என்பதாலேயே பாதுகாப்பானது என்பதும் சரியல்ல. செட்டிநாட்டு வீடுகளில் தானியத்தோடு போட்டு வைக்கும் வசம்பின் வீரியம் பீட்டா ஆசரோனில் இருக்கிறது. அதே பொருளுக்காகத்தான் அமெரிக்கா 1968இல் வசம்பை உணவில் சேர்க்கத் தடை விதித்தது.

வேம்பைச் சொல்லாமல் இந்தப் பேச்சு நிறைவு பெறாது. 1962இல் டெல்லியில் பிரதான், ஜோத்வானி, ராய் ஆகியோர், வேப்பங்கொட்டைக் கரைசல் தெளித்த பயிரை வெட்டுக்கிளிப் படை தொடவில்லை என்று பதிவு செய்தார்கள். அஸடிராக்டின் பிரித்தெடுக்கப்பட்டது 1968இல். வேப்பங்கொட்டைப் பருப்பு 5 கிலோவை இடித்து ஊறவைத்து வடித்து, 100 லிட்டர் நீரில் கொஞ்சம் காதி சோப்புக் கரைசலும் சேர்த்துத் தெளிக்கும் 5 சதக் கரைசலை நானும் பரிந்துரைப்பவன்தான். ஆனால் தெளிப்பதை எதிர்ப்புத்திறன் என்று எண்ணிவிடக் கூடாது. வெயிலில் சில நாட்களில் அது சிதைந்துவிடும். செடி தானே செய்வதோ அன்றாடம் புதுப்பித்துக்கொள்வது. வேப்பமரமே எல்லாப் பூச்சியிலிருந்தும் தப்பவில்லை. அண்மை ஆண்டுகளில் தேயிலைக் கொசு என்ற நாவாய்ப்பூச்சி உறிஞ்சியும், பூசணம் சேர்ந்தும் வேப்பங்கிளைகளின் நுனி கருகித் தொங்கியதைத் தமிழ்நாடே பார்த்தது. காரைக்குடி சுற்றுவட்டாரத் தைலமரக் காடுகளிலும் இதே கதைதான். இலையைக் கசக்கினால் மூக்கில் ஏறும் அந்த எண்ணெய், ஆடு மாட்டை விலக்கியது. 2000களின் தொடக்கத்தில் வந்து சேர்ந்து இலைக்காம்பில் முட்டை வைத்து முடிச்சு முடிச்சாக வீங்கச் செய்த சின்னஞ்சிறு குளவியை விலக்கவில்லை. இளையான்குடி மிளகாயின் காரம் காயின் உள்தண்டில் இருக்கிறது. இலையில் உட்கார்ந்து சுரண்டும் இலைப்பேனுக்கு அதைப் பற்றிக் கவலையில்லை. நஞ்சு இருக்கிறதா என்பதோடு, பூச்சி வாய் வைக்கும் இடத்தில் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

இவ்வளவும் சொன்ன பிறகு, செட்டிநாட்டின் நிலைமை டெல்டாவைவிட மோசம் என்று நான் நினைக்கவில்லை. கண்மாய்ப் பாசனத்தில் நெல் ஒரே போகம். தை மாசியில் அறுவடை முடிந்தால் அடுத்த புரட்டாசி வரை புகையானுக்கும் துளைப்பானுக்கும் தொடர்ந்து குடியிருக்க இடமில்லை. எதிர்ப்பு ரகத்தைப் பூச்சி பழகிக்கொள்ளத் தலைமுறைகள் வேண்டும். நம் வறட்சி அந்தத் தலைமுறைகளைக் குறைக்கிறது. ஆழ்குழாய்க் கிணறு போட்டுக் கோடையிலும் நெல் வைக்கும் இடங்களில் இந்தச் சாதகம் மெல்லக் கரைந்துவருகிறது. கோடைப் போகத்துக்கு நெல்லை விட்டு உளுந்தோ எள்ளோ போடச் சொல்வதற்கு, தண்ணீர்ச் சிக்கனத்தைவிட இது எனக்கு வலுவான காரணமாகப் படுகிறது.

சோதனை முறையிலும் ஒரு மாற்றம் வேண்டும். ரகங்களைத் தேர்வது இன்றும் பெரும்பாலும் நாற்றுப்பெட்டியில்தான்: ஒரு வார நாற்று, ஒரு நாற்றுக்குப் பத்துக் குஞ்சுப் புகையான், டி.என். 1 செத்து விழுந்ததும் மற்றவற்றுக்கு 0 முதல் 9 வரை மதிப்பெண். வேகமான முறை, பெரிய மரபணு உள்ளதை உடனே காட்டிக்கொடுக்கும். ஐ.ஆர். 64இல் இருந்ததுபோன்ற சின்னக் குணங்கள் அதில் பெரும்பாலும் கண்ணில் படாமலே போய்விடும். நாற்றுப்பெட்டியைத் தாண்டிய ரகங்களைச் செட்டிநாடு உலர்நில வேளாண்மை ஆராய்ச்சி நிலையம், குன்றக்குடி வேளாண் அறிவியல் நிலையம் போன்ற இடங்களில், புழுதி விதைப்பில், இந்த வட்டாரப் பூச்சியே வந்து தின்னும்படி விட்டுப் பார்க்க வேண்டும். ஒரு பாத்தியில் பரிந்துரைத்த யூரியாவைப் பிரித்து இட வேண்டும். பக்கத்துப் பாத்தியில் விவசாயி உண்மையில் இடும் அளவை, அவர் இடுவதுபோலவே மழைக்கு மறுநாள் மொத்தமாக இட வேண்டும். இரண்டு பாத்தியிலும் வெண்கதிரை எண்ணி, புகையானை எண்ணி, அறுத்து எடை போட வேண்டும். புது இயந்திரமோ புது மரபணுவோ இதற்குத் தேவையில்லை. ஒரு பருவமும் இரண்டு உர அளவும் போதும். முதல் பாத்தியில் தாங்கி இரண்டாம் பாத்தியில் தாங்காத ரகங்கள் எவை என்ற பட்டியல், பொங்கல் கழிந்து கதிர் அறுக்கும்போது கையில் இருக்கும்.